முடிச்சதும் எனக்குக் குடு

கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் நாலரை மணிக்குப் பிள்ளைகள் கூடுவார்கள். அரசுப் பள்ளியில் முப்பத்தொரு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றேன்; அடுத்த மாதமே புத்தக அலமாரி மாடிக்கு ஏறிவிட்டது. பதினாலு பேர் வந்தால் அது நல்ல சனிக்கிழமை. ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்கும். ஒரு நாவலைப் படித்து முடித்த பிள்ளை அதில் மூன்று விஷயம் எழுத வேண்டும். புத்தகத்தின் பெயர். எந்த இடத்தில் கீழே வைக்க மனசு வரவில்லை. அடுத்து யாருக்குக் கொடுக்கலாம். எனக்கு மூன்றாவதுதான் உயிர். "இதைப் படி" என்று நான் நீட்டிய புத்தகங்கள் பல அலமாரியிலேயே நிற்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் சிரித்துச் சிரித்துப் படிக்கிற புத்தகத்துக்குத்தான் "முடிச்சதும் எனக்குக் குடு" என்று உடனே ஒரு கை நீளும்.

சென்ற மாதம் இந்த நோட்டைப் பற்றி இதே பகுதியில் நாலு வரி எழுதினேன். அப்புறம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிறுவர் நாவல்களைப் பற்றியவை. இந்த மாதம் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்பு. காமிக்ஸ் என்றால் சாப்பாட்டை மறந்து படிக்கிறான். படம் இல்லாத புத்தகத்தைக் கொடுத்தால் பத்துப் பக்கத்தில் மூடிவிடுகிறான். முதல் நாவலாக எதைக் கொடுக்கலாம்?
ஓர் அம்மா, சாத்தூர்

காமிக்ஸ் படிக்கிறவன் படிக்கிற பிள்ளைதான் அம்மா, அதில் சந்தேகமே வேண்டாம். உங்களுக்குப் பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1972-இல் இரும்புக்கை மாயாவி வந்ததிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் அந்த வழியாகத்தான் எழுத்துக்குள் நுழைந்தார்கள். அந்தப் புத்தகங்களைப் பிடுங்கி வைத்துவிட்டு நாவலைக் கையில் திணிக்காதீர்கள்.

பத்துப் பக்கத்தில் மூடுகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. காமிக்ஸில் யார் பேசுகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்பதைப் படம் காட்டிவிடும். நாவலில் அதையெல்லாம் பிள்ளையே மனசுக்குள் கட்டிக்கொள்ள வேண்டும். முதல் பத்துப் பக்கத்தில்தான் பெயர்கள் வரும், ஊர் வரும், உறவு வரும். அந்த மேட்டை ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். அதனால் முதல் இரண்டு அத்தியாயத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். மூன்றாவது நாள், "அம்மாவுக்கு வேலை இருக்கு, நீயே பாரு" என்று புத்தகத்தை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுங்கள்.

புத்தகம் என்று கேட்டால், எங்கள் நோட்டில் அதிகம் பேர் முதல் நாவலாக எழுதியிருப்பது உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. அவர் எங்கள் கோவில்பட்டிக்காரர் என்பதால் சொல்லவில்லை. 2023-இல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கிய நாவல் என்பதாலும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அந்த விருது இருப்பதே தெரியாது. பாலு என்ற பையன் விடுமுறைக்குக் கீழடியில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போகிறான். அங்கே கிடைக்கும் பொம்மை அவனை 2600 வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த ஆதன் என்ற பையனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. விடுமுறை, மாமா வீடு, மண்ணைத் தோண்டினால் ஏதாவது கிடைக்காதா என்ற ஆசை. இந்த மூன்றும் எந்தப் பையனுக்கும் புதுசு இல்லை. அதனால்தான் அந்த முதல் மேட்டைச் சுலபமாக ஏறிவிடுகிறார்கள்.

இதைப் படித்த இரண்டு பையன்கள் கீழடிக்குப் போயே ஆக வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக் காலில் நின்றார்கள். 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள் அல்லவா? இரண்டு குடும்பமும் சேர்ந்து வேன் பிடித்துப் போய் வந்தது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' என்ற பெயர் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருக்கிறது. திரும்பி வந்ததும் அவர்களில் ஒருவன் மாடிப்படி ஏறும்போதே கத்தினான்: "டீச்சர், ஆதன் நிஜமாவே இருந்திருக்கான்!" அன்றைக்கு அந்தப் புத்தகத்துக்கு நாலு கை நீண்டது. என்னிடம் இருந்தது ஒரே பிரதி. இப்போது மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவன் படித்து முடித்ததும் "கதையைச் சொல்லு பார்க்கலாம்" என்று கேட்காதீர்கள். அது பரீட்சை ஆகிவிடும். "இதை உன் கிளாஸில் யாருக்குக் கொடுக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்விக்கு அவன் கதை முழுவதையும் சொல்லிவிடுவான்.

கேள்வி: டீச்சர், நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். ஆதனின் பொம்மை, டோட்டோ-சான் இரண்டும் முடித்துவிட்டேன். இன்னும் நிறையப் பக்கம் இருக்கிற, பயமும் சாகசமும் இருக்கிற புத்தகம் சொல்லுங்கள்.
ஒரு மாணவி, தென்காசி

கண்ணு, உன் கடிதத்தை எங்கள் கூட்டத்தில் சத்தமாக வாசித்தேன். ஒரே நேரத்தில் மூன்று பேர் 'பனிமனிதன்' என்று கத்தினார்கள். ஜெயமோகன் எழுதியது. இமயமலைப் பனியில் ராட்சசக் காலடித் தடம் ஒன்று தெரிகிறது. அதைத் தேடிப் பாண்டியன் என்ற ராணுவ அதிகாரியும் டாக்டர் திவாகரும் கிளம்புகிறார்கள். கூடவே கிம் என்ற பையன். நடுநடுவே அறிவியலும் பௌத்தமும் பேசுகிற இடங்கள் வரும். அதைத் தாண்டிப் போகலாமா என்று எங்கள் கூட்டத்திலும் கேட்டார்கள். தாண்டிப் போ, தப்பே இல்லை. இரண்டாம் தடவை படிக்கும்போது அந்த இடத்தில் நீயாகவே நிற்பாய். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்றாவது தடவை படிக்கிறான், இப்போது அந்தப் பக்கங்களைத்தான் தேடிப் படிக்கிறான்.

அது முடிந்ததும் அதே எழுத்தாளரின் 'வெள்ளி நிலம்'. அதுவும் இமயத்தில்தான் நடக்கிறது. பழைய மம்மி ஒன்றிலிருந்து தொடங்குகிற மர்மம். நீ கேட்ட பயம் அதில் போதுமான அளவு இருக்கிறது. தங்கைக்கு ராத்திரியில் வாசித்துக் காட்டாதே.

அப்புறம் இன்னொன்று. உன் வயசில்தான் நான் 'பொன்னியின் செல்வன்' படித்தேன். அது சிறுவர் நாவல் கிடையாது. ஆனால் 1950-இல் கல்கி பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கியதிலிருந்து பதின்மூன்று, பதினாலு வயசுப் பிள்ளைகள் அதை விடாமல் படித்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஐந்து பாகம். ஆடிப்பெருக்கு நாளில் வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவான். அந்த ஏரிக்கரை வர்ணனையில் மட்டும் கொஞ்சம் பொறுமையாக இரு. கடம்பூர் மாளிகைக்குள் நுழைந்துவிட்டால் உன்னை அம்மா பத்துத் தடவை சாப்பிடக் கூப்பிட வேண்டியிருக்கும்.

கேள்வி: ஒன்பது வயது மகள், தோழி வீட்டிலிருந்து 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' என்ற புத்தகத்தை வாங்கி வந்தாள். பொம்மைக் கதை என்று நினைத்துப் புரட்டினேன். தப்பான தொடுதலைப் பற்றியெல்லாம் வருகிறது. இந்த வயதில் இது தேவையா என்று பயந்து வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன். நான் செய்தது சரியா?
பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தந்தை, ஓசூர்

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பீரோவிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். இன்றைக்கு ராத்திரி நீங்கள் படியுங்கள். சின்னப் புத்தகம்தான், ஒரே அமர்வில் முடியும். நாளைக்கு மகளோடு சேர்ந்து படியுங்கள்.

யெஸ். பாலபாரதி எழுதி 2020-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நாவல் அது. ஷாலினி என்ற சிறுமியிடம் வந்து சேரும் மரப்பாச்சி பேசுகிறது. பேசுகிற பொம்மை கிடைத்தால் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? அந்த நெருக்கம் வந்த பிறகுதான் கதை அந்த விஷயத்துக்குப் போகிறது. நான் இதை முதலில் படிக்கும்போது உங்களைப் போலவே தயங்கினேன். முப்பத்தொரு வருஷம் வகுப்பில் நின்றவள் நான். எத்தனை பெண் பிள்ளைகள் திடீரென்று பேச்சைக் குறைத்ததையும், எத்தனை பையன்கள் காரணம் சொல்லாமல் ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு டியூஷன் போக மாட்டேன் என்று அழுததையும் பார்த்திருக்கிறேன். அப்போது என் கையில் இப்படி ஒரு புத்தகம் இருந்ததில்லை. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் சும்மா இருந்த நாள்கள் உண்டு. அந்த நாள்களை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வராது.

போன வருஷம் எங்கள் கூட்டத்தில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி இதைப் படித்து முடித்தாள். எல்லாரும் போன பிறகும் போகாமல், புத்தகங்களை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கிக்கொண்டு நின்றாள். அப்புறம் கேட்டாள்: "மரப்பாச்சி இல்லாதவங்க யார்கிட்ட டீச்சர் சொல்லுவாங்க?" நான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து விரல் விட்டு எண்ணச் சொன்னேன். அம்மா, சித்தி, நான், அவள் வகுப்பு டீச்சர். ஐந்தாவது விரலுக்கு 1098 என்ற எண்ணைச் சொல்லிக்கொடுத்தேன். குழந்தைகளுக்கான உதவி எண், காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம். அவளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நோட்டில் 'யாருக்குக் கொடுக்கலாம்' என்ற இடத்தில் 'எங்க கிளாஸ்ல எல்லாருக்கும், பசங்களுக்கும்' என்று எழுதிவிட்டுப் போனாள்.

பத்து வயசுக்கு மேல் பிள்ளைகள் தனியாகவே படிக்கலாம் என்பது என் எண்ணம். உங்கள் மகளுக்கு ஒன்பது. நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். அப்பா கூட உட்கார்ந்து இந்தப் புத்தகத்தைப் படித்தார் என்பதே, நாளைக்கு ஏதாவது என்றால் அப்பாவிடம் சொல்லலாம் என்ற தைரியத்தை அவளுக்குக் கொடுக்கும்.

கேள்வி: பள்ளி நூலகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். பிள்ளைகள் பேய்க் கதை, மாயாஜாலக் கதை என்றுதான் தேடுகிறார்கள். ஒருவருக்கொருவர் அதையே சிபாரிசும் செய்கிறார்கள். நல்ல கருத்துள்ள புத்தகங்களை எப்படிப் படிக்க வைப்பது?
ஓர் ஆசிரியர், விளாத்திகுளம்

சார், பேயைக் கொடுங்கள். தேடி வருகிறார்களே, அதுவே எவ்வளவு பெரிய விஷயம்! ஒரு பிள்ளை ஐம்பது பேய்க் கதை படித்தால் வாக்கியம் ஓடுகிற வேகம் அதன் கண்ணுக்குப் பழகிவிடும். அதற்கப்புறம் எந்தப் புத்தகத்தையும் தொடத் தயங்காது. கருத்து இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்கிற புத்தகத்தைப் பிள்ளைகள் தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள்.

ஒரு புத்தகத்தை மட்டும் உங்களுக்காகச் சொல்கிறேன். இரா. நடராசனின் 'ஆயிஷா'. கேள்வி கேட்டுக் கேட்டு அடி வாங்குகிற பெண், அடித்தால் வலிக்காமல் இருக்க ஏதாவது மருந்து உண்டா என்று தன் உடம்பிலேயே சோதனை செய்து இறந்துபோகிற கதை. பலர் அதைச் சிறுவர் கதை வரிசையில் வைக்கிறார்கள். நான் ஆசிரியர் அறையில் வைப்பேன்.

கேள்வி: பெங்களூரில் இருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது. வீட்டில் தமிழ் நன்றாகப் பேசுவாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். தமிழ் நாவலின் சுவையை அவளுக்கு எப்படிக் காட்டுவது?
ஓர் அம்மா, பெங்களூரு

எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையின் கையில் நாவலைக் கொடுத்தால் அது கல் உடைக்கிற வேலை. நீங்கள்தான் வாசிக்க வேண்டும், தினமும் ஒரு கால் மணி நேரம். இதில் ஒரு சிக்கல் வரும். வீட்டில் 'போனா', 'வந்துட்டா' என்று கேட்ட காதுக்கு, புத்தகத்தில் 'சென்றாள்', 'வந்துவிட்டாள்' என்று வந்தால் அது வேறு பாஷை போல இருக்கும். கோவில்பட்டிப் பிள்ளைகளுக்கே அப்படித்தான். முதல் வாரம் 'சென்றாள்' என்று இருக்கும் இடத்தில் 'போனா' என்றே வாசியுங்கள். யாரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். இரண்டாவது வாரத்தில் உரையாடலைப் பேச்சில் வாசித்து, மற்றதைப் புத்தகத்தில் இருக்கிறபடி வாசியுங்கள். ஒரு மாதத்தில் காது பழகிவிடும். நீங்கள் ஒரு சொல்லை மாற்றி வாசித்தால், பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற மகளே "அப்படிப் போடலம்மா" என்று திருத்துவாள். அன்றைக்கே அவள் படிக்கத் தொடங்கிவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி வாசிக்க 'டோட்டோ-சான், ஜன்னலில் ஒரு சிறுமி' மாதிரி ஒரு புத்தகம் அமையாது. ஜப்பானில் டெட்சுகோ குரோயாநாகி 1981-இல் எழுதியது, தன் சொந்தப் பள்ளி நாள்களைப் பற்றி. நாவல் என்று சொல்ல முடியாது, ஆனால் பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. ஒரு நாளைக்கு இரண்டு வாசிக்கலாம். மேஜையின் மூடியைத் திறந்து திறந்து மூடுகிறாள், ஜன்னலில் நின்று தெருவில் போகும் வாத்தியக்காரர்களைக் கூப்பிடுகிறாள் என்று ஒரு பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளையே வகுப்பறையாக வைத்திருக்கும் டோமோயி பள்ளிக்கு வருகிறாள். தலைமை ஆசிரியர் கோபயாஷி, முதல் நாளே அவள் பேசுவதை நாலு மணி நேரம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் பிள்ளைகள் இந்த இடத்தில் நம்பவே மாட்டார்கள். "நாலு மணி நேரமா? திட்டவே இல்லையா?" என்று கேட்பார்கள்.

அவர்களுக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் எது தெரியுமா? டோட்டோ-சானின் பணப்பை கழிவறைக் குழிக்குள் விழுந்துவிடும். அவள் பெரிய அகப்பை ஒன்றைக் கொண்டுவந்து உள்ளே இருப்பதையெல்லாம் அள்ளி வெளியே குவித்துத் தேடுவாள். அந்த வழியாக வரும் தலைமை ஆசிரியர், "முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுவார். மூக்கைப் பிடித்துக்கொண்டு உருண்டு சிரித்த பிள்ளைகள், சிரிப்பு அடங்கிய பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேச மாட்டார்கள். அந்த அமைதியில் நானும் வாயைத் திறப்பதில்லை. போலியோவால் கால் பாதிக்கப்பட்ட யாசுவாகி-சானை அவள் மரத்தில் ஏற்றுகிற அத்தியாயத்தை மட்டும் நீங்கள் ஒரு தடவை தனியாகப் படித்துவிட்டு அப்புறம் வாசியுங்கள். எனக்கு முதல் தடவை குரல் உடைந்துவிட்டது.

கேள்வி: எனக்கு எழுபது வயது. நாங்கள் வாண்டுமாமா கதைகளுக்காகக் கடை வாசலில் காத்திருந்தவர்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பழைய கதைகள் பிடிக்குமா?
ஒரு வாசகர், திருச்சி

ஐயா, பிடிக்கும், ஆனால் எல்லாம் பிடிக்காது. வி. கிருஷ்ணமூர்த்தி என்ற மனிதர் வாண்டுமாமாவாகி, கோகுலம், பூந்தளிர் என்ற சிறுவர் பத்திரிகைகளில் எத்தனை பிள்ளைகளை வளர்த்தார்! 2014-இல் அவர் மறைந்தபோது சொந்தத்தில் ஒருவர் போன மாதிரி இருந்தது. அவருடைய கதைகளில் வேகம் இன்னும் அப்படியே இருக்கிறது; மந்திரவாதியும் குகையும் இன்றைக்கும் இழுக்கின்றன. என் கூட்டத்துப் பெண் பிள்ளைகள் மட்டும் ஒரு குறை சொல்கிறார்கள். அந்தக் காலத்துச் சாகசக் கதைகளில் குதிரை ஏறிப் போகிறவன் பெரும்பாலும் பையன்தான், இளவரசி காத்துக்கொண்டிருக்கிறாள். நியாயமான குறைதான். 2025-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வை வாங்கி வந்து வைத்தபோது, அட்டையில் ஒரு பெண் பிள்ளையின் பெயரைப் பார்த்துவிட்டே இரண்டு பேர் அதற்குப் போட்டி போட்டார்கள்.

பழையதில் இன்றைக்கும் கை மாறிக்கொண்டே இருக்கிற ஒரு புத்தகத்தைச் சொல்கிறேன். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது நியூ செஞ்சுரி புத்தகக் கண்காட்சியில் அப்பா வாங்கிக்கொடுத்தது, ஆர்க்கதி கைதாரின் 'சுக்கும் கெக்கும்'. மாஸ்கோவில் இருக்கும் இரண்டு அண்ணன் தம்பி. தூரத்துப் பனிக்காட்டில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்க அம்மாவோடு கிளம்புகிறார்கள். கிளம்புவதற்கு முன்னால் ஒரு தந்தி வருகிறது. அம்மா வீட்டில் இல்லை. இரண்டு பேரும் சண்டை போடுகிற சண்டையில் அந்தத் தந்தி ஜன்னல் வழியாகப் பறந்து பனியில் தொலைந்துபோகிறது. அம்மாவிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அவ்வளவுதான். அப்புறம் ரயில், பனிச்சறுக்கு வண்டி, ஆளில்லாத முகாம் என்று எது வந்தாலும் படிக்கிற பிள்ளைக்கு நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். எங்கள் கரிசல் பிள்ளைகள் பனியைக் கண்ணால் பார்த்தது கிடையாது. ஆனால் அம்மாவிடம் ஒன்றை மறைத்துவிட்டு வயிறு கலங்க உட்கார்ந்திருப்பது அவர்கள் எல்லாருக்கும் தெரியும். என் பழைய பிரதியின் முதுகில் மூன்று தடவை துணி ஒட்டியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணன் மகனின் பிறந்தநாளுக்குக் 'குட்டி இளவரசன்' கொடுத்தேன். உலகமே கொண்டாடுகிற புத்தகம். ஐந்து பக்கம்கூடப் படிக்கவில்லை. வருத்தமாக இருக்கிறது.
ஒரு அத்தை, மதுரை

வருத்தப்படாதீர்கள். எனக்கு மிகவும் பிடித்த புத்தகம் அது. பிரெஞ்சிலிருந்து மதனகல்யாணியும் ஸ்ரீராமும் மொழிபெயர்த்து 1981-இல் க்ரியா வெளியிட்டது. இதுவரை எட்டுப் பேருக்காவது பரிசாகக் கொடுத்திருப்பேன். ஆனால் நோட்டைப் பார்த்து உண்மையைச் சொல்கிறேன்: மலைப்பாம்பு யானையை விழுங்குகிற படத்தை எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, முழுப் புத்தகத்தை அடுத்த பிள்ளைக்குச் சிபாரிசு செய்தவர்கள் குறைவு. பிரிவு என்றால் என்ன என்று கொஞ்சம் பட்டுத் தெரிந்த பிறகுதான் அதில் வருகிற நரி பேசுவது காதில் விழும். புத்தகம் அவன் அலமாரியிலேயே இருக்கட்டும். பதினைந்து வயசில் ஒருநாள் எடுப்பான்.

ஆனால் முதல் பக்கத்தில் அவன் பெயரை எழுதிக் கொடுத்தீர்களா? எங்கள் பக்கத்து இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையை நீங்கள் படித்திருக்கலாம். மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பரிசு தனக்குக் கிடைக்காத சாரங்கன், தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து 'என் பிரியமுள்ள சாரங்கனுக்கு அன்பளிப்பு' என்று எழுதித் தரச் சொல்வான். அந்த வரியைப் படித்த நாளிலிருந்து, பெயர் எழுதாமல் எந்தப் பிள்ளைக்கும் நான் புத்தகம் கொடுத்ததில்லை. அடுத்த தடவை அவனைப் பார்க்கும்போது பேனாவோடு போங்கள்.

கேள்வி: எல்லாக் கதையிலும் இமயமலை, ஜப்பான், காடு என்று வருது. எங்க ஊர் மாதிரி ஊர், எங்க ஊரு ஓடை, குருவி எல்லாம் வர்ற கதை இருக்கா டீச்சர்?
ஏழாம் வகுப்பு மாணவன், கழுகுமலைப் பக்கத்துக் கிராமம்

இருக்கு தம்பி. உன் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற இடைசெவல்காரர்தான் கி. ராஜநாராயணன். கோவில்பட்டியில் அவருக்கு நினைவரங்கம் இருக்கிறது, பார்த்திருப்பாய். அவர் பிள்ளைகளுக்காக எழுதிய சின்ன நாவல் 'பிஞ்சுகள்'. பறவை முட்டைகளைத் தேடித் தேடிச் சேர்க்கிற ஒரு பையனின் கதை. கரிசல் காடு, புதர், ஓடை, எந்தக் குருவி எங்கே கூடு கட்டும் என்று அதில் வருவதெல்லாம் நீ தினமும் நடந்து போகிற இடம். பேச்சும் உன் வீட்டுப் பேச்சுதான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் வராத சொற்கள் நிறைய வரும்; உன் தாத்தாவிடம் கேள், அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்வார்.

இதைப் படித்த அப்புறம் எங்கள் கூட்டத்தில் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் கிளம்பினார்கள். முட்டையைத் தொடக் கூடாது, கூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது, தூரத்திலிருந்து பார்த்து எழுதி வர வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினேன். செம்போத்து, தவிட்டுக்குருவி, வாலாட்டி, கவுதாரி, மீன்கொத்தி என்று பதினொரு பெயர் எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒரு பறவைக்கு மட்டும் பெயர் தெரியவில்லை. 'தலையில் கொண்டை, மண்ணைக் கொத்துது, பறக்கும்போது வெள்ளைக் கோடு' என்று எழுதியிருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை ஒருத்தி தன் பாட்டியைக் கேட்டு வந்து 'கொண்டலாத்தி' என்று பக்கத்தில் எழுதினாள். உன் ஊர் ஓடைப் பக்கமும் அது வரும். பார்.

புத்தகம் இப்போது எங்களிடம் ஒரு பிரதிதான் இருக்கிறது, அதுவும் வெளியே போயிருக்கிறது. உன் பெயரை நோட்டில் எழுதிவிட்டேன். உனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை அப்பாவோடு பஸ் ஏறி வா. உன் கைக்கு அது வந்திருக்கும்.